சின்னம்மா நட்சத்திரம் மடித்த மார்கழி

வண்ணக் காகிதம் கடையில் கிடைக்காத வருடங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் வயதுக்காரர்களிடம்தான் கேட்கிறேன். மற்றவர்களுக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும். வெளிநாட்டுச் சாமான் கப்பலில் இறங்காத காலம். கொப்பியில் பக்கம் முடிந்தால் ஓரத்தில் எழுதினோம். ஓரமும் முடிந்தால் பழைய பென்சில் எழுத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதினோம். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வந்தால் வெளிச்சக் கூடு கட்ட டிசுப் பேப்பர் இல்லை. பசை காய்ச்சக் கோதுமை மா இல்லை. இருந்த கொஞ்ச மாவை அம்மா ரொட்டிக்கென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

அப்படி ஒரு மார்கழியில்தான் சின்னம்மா மடத்தை விட்டு வீட்டுக்கு வந்தார்.

நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் சரிந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். தோளோடு தோள் ஒட்டி நின்ற வீடுகள். முன்னறை, நடு அறை, பின்னறை, பிறகு குசினி, முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். யார் வீட்டில் என்ன பொரிகிறது என்பது இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் தெரியும். அப்பா துறைமுகத்தில் கிளார்க். கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கி, "இது வெளிக்கிடுது" என்பார், அல்லது "இது வருகுது" என்பார். சரியா பிழையா என்று நாங்கள் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. கன்னியாஸ்திரி ஆவதற்கென்று அவர் மடத்துக்குப் போன நாள் எனக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் அந்த நாளின் கதை நன்றாகத் தெரியும். அத்தனை தரம் வீட்டில் சொல்லப்பட்டது. ஒழுங்கை முழுக்கக் கேக் கொடுத்தார்களாம். போட்டோக்காரர் வந்தாராம். வெள்ளை உடுப்போடு சின்னம்மா நிற்கிற படத்தை அப்பா சட்டம் போட்டு முன்னறைச் சுவரில், திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "என்ர மச்சாள்" என்பார். சொந்தத் தங்கையைப் பற்றிக்கூட அவர் அப்படிப் பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

அவர் திரும்பி வந்தது ஒரு மழைப் பின்னேரம். டாக்சி உள்ளே வராமல் ஒழுங்கை முனையில் நின்றது. சின்னம்மா நனைந்துகொண்டு நடந்து வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. யாருடையதோ போல, உடம்பில் சரியாக நிற்காத ஒரு நீலப் பூச் சேலை. ஒட்ட வெட்டிய தலைமயிர் மழையில் மண்டையோடு படிந்திருந்தது. கதவைத் திறந்தது நான்தான். எனக்கு அவரைத் தெரியவில்லை.

"அம்மா, ஆரோ வந்திருக்கினம்," என்று உள்ளே கூப்பிட்டேன்.

அம்மா வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முதலில் கதவைச் சாத்தினார். பிறகுதான் தங்கையைக் கட்டிப்பிடித்தார். அந்த வரிசை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் கதவு, பிறகு தங்கை.

அப்பா வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற மனிதரும் அல்ல. கதிரையை இழுத்துப் போட்டு ஏறிச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளிறிச் சதுரமாகத் தெரிந்தது. ஏதோ ஒரு கடைக் காலண்டரைக் கொண்டு வந்து அதன் மேல் மாட்டினார். ஏன் வந்தாய் என்று சின்னம்மாவை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். இவர்களுக்குத்தான் அதைக் கேட்கப் பயமாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலை அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"சின்னம்மாவுக்குச் சுகமில்லை. அதாலதான் வந்திருக்கிறா. வெளியில ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"என்ன வருத்தம் அம்மா?"

"வருத்தம் எண்டா வருத்தம்தான். போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது."

சின்னம்மாவுக்குப் பின்னறை ஒதுக்கப்பட்டது. அது என் அறை. என் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே பாய் போட்டேன். அவர் பகல் முழுக்க அங்கேயே இருந்தார். சாப்பாடு அங்கேயே போனது. குழாயடிக்கு வருவதென்றால் பக்கத்து முற்றத்தில் ஆள் இல்லையா என்று அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சைகை காட்டுவார். தலையில் எப்போதும் அம்மாவின் பழைய தாவணித் துண்டு ஒன்று. அவர் அழுததை நான் காணவில்லை. ஆனால் சிரித்ததையும் காணவில்லை. கட்டில் விளிம்பில் இருந்து முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல இருப்பார்.

இப்படி எத்தனை நாளைக்கு ஒளிக்கலாம்? பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் தேங்காய் துருவ நின்ற அம்மாவிடம் வேலிக்கு மேலால் கேட்டார்.

"பின்னறையில ஆரோ இருமின மாதிரிக் கேட்டுது?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அப்பா முன்கூட்டியே பாடமாக்கிக் கொடுத்திருந்ததைத்தான் ஒப்புவித்தார்.

"தங்கச்சிதான். நெஞ்சு கொஞ்சம் பலவீனமாம். மடத்தில இருந்து ரெஸ்டுக்கு அனுப்பியிருக்கினம்."

அப்பாவின் யோசனை அது. மடத்தை விட்டு வந்துவிட்டாள் என்றால் மானம் போகும், வருத்தம் என்றால் இரக்கம் வரும் என்று அவர் கணக்குப் போட்டார். படித்த மனிதர், நல்ல மனிதர். இருந்தாலும் அந்தக் கணக்கு முழுப் பிழை. நெஞ்சு பலவீனம் என்று வேலிக்கு மேலால் போன சொல், ஒழுங்கை முனைக்குப் போகும்போது கசமாக, காசநோயாக, மாறிவிட்டது. கசம் என்றால் அப்போது எவ்வளவு பயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பால்காரன் எங்கள் படியில் போத்தலை வைத்துவிட்டு, வாசலுக்கு வராமலே திரும்பினான். முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டு வரும் பெண் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் அடுத்த கதவைத் தட்டினார்.

பள்ளிக்கூடத்தில் அந்த நாட்களில் தையல் ரீச்சர் எங்களுக்கு நட்சத்திரம் மடிக்கக் காட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பாலன் குடிலுக்கு. பசையும் வேண்டாம், ஊசி நூலும் வேண்டாம், நாலு நீளக் காகிதப் பட்டி போதும். பட்டிகளை இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கொளுவி இழுத்தால் பாய் பின்னியது போல நடுவில் ஒரு சதுரம் வரும். பிறகு ஒவ்வொரு நுனியையும் முக்கோணமாக மடித்துச் செருகினால் நட்சத்திரத்தின் கூர்கள் வரும். அதோடு அது தட்டையான நட்சத்திரம். கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, அது முடிந்தால்தான் நடுவிலிருந்து கூர்கள் முள்ளுப் போல எழும்பி நிற்கும் என்று ரீச்சர் தான் செய்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "அது நாளைக்கு," என்றார்.

எனக்கு அந்த நாளைக்கு வரவில்லை. மறுநாள் காலை வகுப்பு ரீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்தி, மிகவும் அன்பாக, "வீட்டில ஆருக்கோ சுகமில்லையாம், என்ன பிள்ளை? லீவு முடியுமட்டும் நீ வீட்டிலயே நில்லு," என்றார். என் பக்கத்தில் இருக்கிறவள் தன் கதிரையை ஏற்கெனவே தள்ளிப் போட்டிருந்தாள். நான் பையைத் திரும்ப மாட்டிக்கொண்டு நடந்தேன்.

வரும் வழியில், ஒழுங்கையின் மேல் முனையில் ஒரு பிரஸ். கலியாணக் கார்ட், படத்து நோட்டீஸ், கடை பில் புத்தகம் எல்லாம் அடிப்பார்கள். வெட்டும் மெஷினில் ஓரம் வெட்டினால் பட்டி பட்டியாகக் கழிவு விழும். ரோசா, மஞ்சள், வெளிர் பச்சை. ஓரத்தில் பாதி எழுத்துக்கள், பாதிப் பூக்கள். மையும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். பிரஸ் முதலாளி சிங்களவர். வாயில் வெற்றிலையோடு எப்போதும் அவசரத்தில் இருப்பார். நட்சத்திரத்துக்கென்று நான் முன்பே அவரிடம் பட்டி வாங்கியிருந்தேன். அன்று அழுதுகொண்டு போனதைக் கண்டுவிட்டார். காரணம் கேட்கவில்லை. ஒரு சாக்கின் அடியில் கிடந்ததை எல்லாம் அள்ளி என் பையில் திணித்து, "கன்ன துவே, ஒக்கொம கன்ன," என்றார். எடு மகளே, எல்லாத்தையும் எடு. கசத்துக்கு அந்த ஒழுங்கையில் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். அல்லது தமிழ் வதந்தி அவர் காதில் விழவில்லையோ தெரியாது.

வீட்டில் எனக்கும் சின்னம்மாவுக்கும் இப்போது ஒரே சிறை. நான் பாயில் இருந்து தட்டை நட்சத்திரமாக மடித்துத் தள்ளினேன். கடைசி வேலை தெரியாது. நுனிகளை அப்படி மடித்தேன், இப்படி மடித்தேன். கசங்கிக் கிழிந்தது. கிழிந்ததை எறிந்தேன். அது சின்னம்மாவின் காலடியில் போய் விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார்.

"இது என்ன?"

"நட்சத்திரம். பாதி."

"மிச்சப் பாதி எங்க?"

"பள்ளிக்கூடத்தில," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஏன் என்னை அனுப்பினார்கள் என்பதையும் சொல்லிவிட்டேன். கசம் என்ற சொல்லை அவர் அப்போதுதான் கேட்டார். முகம் ஒரு மாதிரியாகப் போனது. தன்னால் ஒரு பிள்ளையின் படிப்பும் கெடுகிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என் கையிலிருந்து இன்னொரு தட்டை நட்சத்திரத்தை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாயில், எனக்கு எதிரே வந்து இருந்தார்.

அன்று முழுக்க அதோடு மல்லுக்கட்டினோம். நான் ரீச்சர் தூக்கிக் காட்டியதை ஞாபகப்படுத்திச் சொல்வேன். அவர் செய்து பார்ப்பார். "உயரமா நிக்குமோ?" "ஓம், கூம்பு மாதிரி." "மடிப்புத் தெரியுமோ?" கண்ணை மூடி யோசித்தேன். மடிப்புத் தெரிந்ததாக ஞாபகமில்லை. அப்படிச் சொன்னேன்.

"அப்ப மடிக்கக்கூடாது," என்றார் சின்னம்மா. "நாங்கள் மடிக்கிறதாலதான் கிழியுது."

பட்டியை அமத்தாமல், விரலில் தளர்வாக ஒருதரம் சுழற்றி, பக்கத்துச் சதுரத்துக்குக் கீழே நுனியைச் செருகி மெல்ல இழுத்தார். கூர் ஒன்று சட்டென்று எழும்பி நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பிறகு அவர் சிரித்தார். சத்தமாக, வாயைப் பொத்தாமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தார். குசினியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்து வாசலில் நின்றார். கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு தங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு எங்கள் பின்னறை நட்சத்திரத்தால் நிறைந்தது. சன்னல் கம்பியில், கட்டில் சட்டத்தில், நுளம்பு வலைக் கயிற்றில். மாரி ஈரத்தில் காகிதம் தொய்ந்து கூர்கள் படுத்துவிடும். அதற்குச் சின்னம்மா ஒரு வழி செய்தார். எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பால் டின்னில் உருக்கி, நட்சத்திரத்தை நூலில் கட்டித் தோய்த்து எடுத்தார். ஆறினால் கல்லுப் போல நிற்கும். அறை முழுக்கக் கோயில் மணம். சின்னம்மா கதைக்கவும் தொடங்கியிருந்தார். இந்த ரோசாப் பட்டி எந்தப் படத்து நோட்டீஸாக இருக்கும், இந்தப் பாதிப் பெயர் கலியாணப் பெண்ணுடையதா மாப்பிள்ளையுடையதா என்று இரண்டு பேரும் ஊகிப்போம். இதெல்லாம் எங்கே வெட்டுகிறார்கள், அந்த மெஷினை ஒருக்காப் பார்க்க வேண்டும் என்பார்.

நத்தாருக்குக் கிட்டிய ஒரு நாள், அப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"நான் மதரைப் போய்ப் பாத்தனான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாறன் எண்டவ."

மதர் என்றால் மடத்தின் தலைவி.

"எதுக்கு?" என்றார் அம்மா.

"எதுக்கெண்டா? பேசி, திரும்பக் கூட்டிக்கொண்டு போகத்தான். அவளுக்கு ஏதோ மனக்குழப்பம். நாங்கள் இப்பிடியே விட்டா அவளின்ர வாழ்க்கை என்னாகிறது?"

நடு அறையில் சொன்னது பின்னறைக்குக் கேட்காமல் இருக்குமா? சின்னம்மாவின் கையில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் பாதியில் நின்றது. அதை முடிக்காமலே கீழே வைத்தார். அன்றிலிருந்து சாப்பாட்டுக் கோப்பை அப்படியே திரும்பிப் போனது. நான் என்ன கேட்டாலும் "ம்" என்றார். ஒரேயொரு தரம் மட்டும் தானாகச் சொன்னார்.

"அங்க எல்லாரும் நல்லவை, தெரியுமே? ஒருத்தரும் எனக்கு ஒண்டும் செய்யேல்ல. எனக்குத்தான் அது சரிவரேல்ல. நல்ல ஆக்களுக்கு நடுவில பொய்யா நிக்க ஏலாது."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா, அம்மா, நான் மூவரும் பூசைக்குப் போய் வந்தோம். சின்னம்மா கொட்டாஞ்சேனைக்கு வந்ததிலிருந்து கோயிலுக்குக் கூட்டிப் போகப்படவில்லை. அம்மா உடுப்பு மாற்றப் போனார். நான் பின்னறைக்குப் போனேன். கட்டில் விரிப்பு மடித்திருந்தது. தகரப் பெட்டி இருந்தது. சின்னம்மா இல்லை. முற்றத்தில் இல்லை, குசினியில் இல்லை. தலையில் கட்டுகிற துண்டு தலையணையில் கிடந்தது.

"தங்கச்சி!" என்று அம்மா ஒரு சத்தம் போட்டார். அப்பா முன்னறையிலிருந்து வந்து வெறும் கட்டிலைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சப்பாத்தைக் கழற்றியிருந்தார், அதைத் தேடவில்லை. வெறுங்காலோடு, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு தெருவில் இறங்கி ஓடினார்.

"பிள்ளை! பிள்ளை!"

மச்சாளை அவர் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒழுங்கை முழுக்கக் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டு அன்ரி தலை வாரிய சீப்போடு வெளியே வந்து, "என்ன அண்ணை, என்ன நடந்தது?" என்றார்.

அப்பா நின்றார். இத்தனை நாள் கட்டிக் காத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார்.

"மச்சாளைக் காணேல்ல! அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மடத்தை விட்டிட்டு வந்தவள், நாங்கள்தான் வெக்கத்தில பொய் சொன்னனாங்கள். ஆரும் கண்டீங்களே? ஆரும் கண்டீங்களே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஒழுங்கையின் கீழ்ப் பக்கம், கடல் பக்கம் ஓடினார். இரண்டு மூன்று ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினார்கள். அன்ரி சீப்பைத் தலையில் செருகியபடியே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அத்தனை நாள் எங்கள் வாசற்படியை மிதிக்காதவர்.

நான் மேல்பக்கம் ஓடினேன். ஏன் என்று கேட்டால், வேறு போக்கிடம் எனக்குத் தெரியாது. நத்தார் நெருக்கடியில் அன்று பிரஸ் திறந்திருந்தது. மெஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

சின்னம்மா காகிதக் கட்டு ஒன்றின் மேல் இருந்தார். தலையில் துணி இல்லை. சற்று வளர்ந்த குட்டை மயிர் நாலா பக்கமும் நின்றது. மடியில் பட்டிகளைக் குவித்து நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டு, ஒரு கையில் பிளேன் டீக் கிளாசோடு முதலாளியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முதலாளி, "மே ஒயாகே புஞ்சி அம்மாத?" என்றார். இது உன் சின்னம்மாவா?

எனக்கு மூச்சு வாங்கியது. "சின்னம்மா, அப்பா அழுறார்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் கிளாசை வைத்துவிட்டு உடனே எழும்பினார். பட்டிகள் எல்லாம் தரையில் கொட்டின. ஆனால் நாங்கள் வெளியே இறங்குவதற்குள் யாரோ கண்டு சொல்லி, அப்பா வந்துவிட்டார். பிரஸ் படியைப் பிடித்துக்கொண்டு நின்று சின்னம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்தப் படியிலேயே இருந்துவிட்டார்.

"சும்மா வந்தனான் அத்தான்," என்றார் சின்னம்மா. "ஒண்டுமில்லை. சும்மா."

அப்பா தலையை ஆட்டினார். முதலாளி உள்ளே போய் இன்னொரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டு வந்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதைக் குடிக்கும் வரைக்கும் ஒழுங்கையே பிரஸ் வாசலில் நின்றது. குடித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா பிள்ளை, வீட்டை போவம். போக விருப்பமில்லாத இடத்துக்கு உன்னை ஒருத்தரும் அனுப்பமாட்டினம்," என்றார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார். சின்னம்மா தலையை மூடாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையின் நடுவால் நடந்து வந்தார்.

இனி மதருக்கு என்ன சொல்வது என்ற பதற்றம் மிஞ்சியிருந்தது. பின்னேரம் அவர் வந்தார். கட்டையான, கண்ணாடி போட்ட, யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசும் வயதான பெண். அம்மா பலகாரம் வைத்தார். அப்பா தொண்டையைக் கனைத்து, "மதர், நீங்கள் மன்னிக்கவேணும். அவளைத் திரும்ப அனுப்ப எங்களுக்கு..." என்று தொடங்கினார்.

"ஆர் திரும்பக் கேட்டது?" என்றார் மதர். "நான் பிள்ளையைப் பாக்க வந்தனான். எப்பிடி இருக்கிறாள் எண்டு."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு முன்னால வந்து நிண்டு, மதர், இது எனக்குரிய இடமில்லை எண்டு சொன்னவள். அதைச் சொல்ல எத்தினை பேருக்குத் துணிவு வரும்? இஞ்ச சந்தோசமா இருப்பாள் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருக்க, நீங்கள் என்னட்டை வந்து ஏதோ செத்தவீடு மாதிரிக் கதைக்கிறீங்கள்." பலகாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தார். "உப்புக் குறைவு. பரவாயில்லை. எங்க அவள்?"

சின்னம்மா நடு அறை வாசலில் நின்றார். மதர் எழும்பிப் போய் அவருடைய குட்டை மயிரைத் தடவி, "வளருது," என்றார். அவ்வளவுதான். சின்னம்மா அழத் தொடங்கினார். வந்த நாளிலிருந்து அடைத்து வைத்ததெல்லாம் அன்றுதான் வந்தது. மதர் அவரைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு, மறு கையை இன்னொரு பலகாரத்துக்கு நீட்டினார். அம்மா கோப்பையை எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் வந்தது, அவர் காலண்டரைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகும்போது மதர் பின்னறையை எட்டிப் பார்த்து, "இதென்ன, வானத்தைக் கழற்றி வைச்சிருக்கிறீங்கள்?" என்றார். மடத்துப் பாலர் பள்ளிக்கென்று ஒரு பை நிறைய நட்சத்திரம் கொண்டு போனார். தை மாதம் அந்தப் பாலர் பள்ளியில் ஒரு ரீச்சருக்கு இடம் இருக்கிறது, வீட்டிலிருந்து வந்து போகலாம், யோசித்துச் சொல் என்றார். வாசலில் நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "ஒரு வருத்தமும் இல்லை, நல்ல பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நத்தார்க் காலைப் பூசைக்குச் சின்னம்மா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடந்து போனார். ஒழுங்கைக்குக் குறுக்கே, இந்த வீட்டுச் சன்னலிலிருந்து அந்த வீட்டுச் சன்னலுக்கு, பக்கத்து வீட்டு அன்ரியின் கொடிக் கயிற்றில் எங்கள் நட்சத்திரங்கள் தொங்கின. மழை பெய்தது. மெழுகு பூசியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை; நீர் கூர்களில் வழிந்து சொட்டியது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது என் பக்கத்தில் இருக்கிறவள் கதிரையை இழுத்து என்னோடு ஒட்டிப் போட்டாள். கடைசி வேலையைத் தனக்குக் காட்டித் தரச் சொன்னாள். ரீச்சர் காட்டியது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சின்னம்மா அந்தப் பாலர் பள்ளியில் கன காலம் படிப்பித்தார். அங்கே படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போக வந்த அதன் தாய்மாமனைக் கலியாணம் செய்தார். பிள்ளைகள் பெற்றார். கணவர் காலமாகிவிட்டார். இப்போது வெள்ளவத்தையில் மகளோடு, கடல் சத்தம் கேட்கும் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. காது நல்லாகக் கேட்கிறது, நாங்கள்தான் அவரிடம் சத்தமாகக் கதைக்கிறோம்.

எனக்கோ, வளர்ந்த பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரியாகிவிட்டது. அப்பா ஏன் மேல்பக்கம் போகாமல் கடல் பக்கம் ஓடினார் என்பது ஒருநாள், எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு, சோறு குழைத்துக்கொண்டிருக்கும்போது விளங்கியது. கை அப்படியே நின்றுவிட்டது. அதன் பிறகு அது போகவில்லை. சாப்பாட்டைத் திருப்பி அனுப்பியவர், ஒருவருக்கும் சொல்லாமல், பெட்டியைக்கூட விட்டுவிட்டு வெளிக்கிட்டவர். பிரஸில் யாராவது தேத்தண்ணி கொடுத்திருக்காவிட்டால்? அப்பாவும் அம்மாவும் கண் மூடுமட்டும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் சின்னம்மாவைக் கேட்கவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறவரிடம் எப்படிக் கேட்பது?

போன மாதம் கேட்டேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பல்கனியில் இருந்தோம். கீழே கரையோர ரயில் போய் முடிந்தது. ஏன் அன்று கேட்டேன் என்று தெரியாது. எனக்கும் வயதாகிறது, கேட்காமல் போய்விடுவேனோ என்ற பயமாக இருக்கலாம்.

"சின்னம்மா, அண்டைக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எங்க போக வெளிக்கிட்டனீங்கள்?"

"எந்த ஞாயிறு?"

"அப்பா வெறுங்காலோட ஓடின ஞாயிறு."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்கு மெல்ல விளங்குவது தெரிந்தது. முதலில் திகைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடி விசரி! சாகப் போறவள் குடை கொண்டு போவாளோ?"

"குடையோ?"

"அக்காவின்ர புதுக்குடை. தூறிக்கொண்டிருந்தது. சந்தி மட்டும் நடந்து பாப்பம், ஆராவது ஏதும் சொல்லினமோ எண்டு பாக்கத்தான் போனனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. ஒரு மனிசி மணி கேட்டா, அவ்வளவுதான். அது எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமே? அப்பிடியே இன்னும் கொஞ்சம் நடந்தன். கோயில் மதில் வரைக்கும் போனன். திரும்பி வரேக்கதான் பிரசைக் கண்டன்."

"ஏன் சொல்லாமப் போனீங்கள்?"

"சொன்னா விட்டிருப்பினமே?"

"பிறகு ஏன் சொல்லேல்ல? இத்தினை வருசம்?"

"குடையைக் கோயில் மதிலடியில மறந்து விட்டிட்டு வந்திட்டன்," என்றார் சின்னம்மா, இப்போதும் குரலைத் தாழ்த்தி. "கொம்மா மாரி முடியுமட்டும் அதைத் தேடினவ. நான் அந்தக் கதையையே எடுக்கேல்ல."

அன்று பின்னேரம் வெள்ளவத்தைக் காலி வீதி பஸ் நிறுத்தத்தில் என் பஸ் வந்து, நின்று, போனது. நான் ஏறவில்லை, சிரித்துக்கொண்டு நின்றேன். கண்ணால் தண்ணியும் வந்தது. பக்கத்தில் நின்ற பெண் பிள்ளை ஒருத்தி பயந்துபோய், "என்ன அன்ரி, ஏதும் சுகமில்லையோ?" என்றாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை," என்றேன். "எங்கட சின்னம்மா ஒருக்கா நடந்துபோட்டு வந்தவ."